கார்டு மெஷின் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு

வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள், "கார்டு மெஷின் போடப் போறேன்டி, எதுல ரேட் கம்மி?" என்று. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் சின்னதாக ஒரு புடவைக் கடை நடத்துவதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். போனில் நாலு வரி தட்டி முடிகிற பதில் இல்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ரேட் எங்கே கம்மி என்று தேடுவது இரண்டாவது வேலை. உங்கள் பில் ஒன்று சராசரியாக எவ்வளவுக்கு வருகிறது, எல்லாம் போக அதில் உங்களுக்கு எவ்வளவு நிற்கிறது, இந்த இரண்டும் தெரியாமல் எந்த ரேட்டைப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை.

180 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரைத்தான் வெள்ளி என்கிறோம்) ஒரு புடவை விற்கிறீர்கள், வாங்குகிறவர் கார்டைத் தட்டுகிறார், மெஷின்காரர்கள் கட்டணமாக 3 விழுக்காடு பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். 5 வெள்ளி 40 காசு போகிறது. கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் கொள்முதல், கப்பல் கூலி, வாடகை, சம்பளம், கரண்டு எல்லாம் கழித்து அந்தப் புடவையில் கையில் நிற்பது 20 வெள்ளி என்றால், அந்த 5 வெள்ளி 40 காசு உங்கள் லாபத்தில் 27 விழுக்காடு. கால் பங்குக்கு மேல்! அவர்கள் சொல்லும் விழுக்காடு விற்பனையின் மேல், நாம் சாப்பிடுவது லாபத்திலிருந்து, இந்த வித்தியாசத்தை மெஷின் விற்க வரும் தம்பிகள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சிராங்கூன் ரோட்டில் நகைக்கடைக்காரர்கள் சிலர் கார்டு என்றதும் முகத்தைச் சுளிப்பதும் இதனால்தான். தங்கத்துக்கு விலை சந்தை போடுவது, கடைக்காரருக்கு இருப்பது செய்கூலியும் சேதாரமும் மட்டும், ஆனால் கட்டணம் பிடிப்பதோ தங்கத்தின் விலையும் சேர்ந்த முழு பில்லுக்கு. இன்னொன்று, பொருள் சேவை வரிக்குப் பதிந்த கடையாக இருந்தால் (ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிந்தே ஆக வேண்டும்) 180 வெள்ளிப் புடவை 9 விழுக்காடு வரியோடு 196 வெள்ளி 20 காசு ஆகிறது. அந்த 16 வெள்ளி 20 காசு நம்முடையதே இல்லை, வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டப்போகிற பணம், அதற்கும் சேர்த்து 3 விழுக்காடு நம் தலையில்தான் விழும்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்றால், பெரும்பங்கு வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. கொஞ்சம் விசாவுக்கோ மாஸ்டர்கார்டுக்கோ. மிச்சம் நமக்கு மெஷின் கொடுத்து, பணத்தை வாங்கி நம் கணக்கில் போடுகிறவருக்கு. சிங்கப்பூரில் பாதிப் பேர் விமான டிக்கெட்டுக்காகக் கார்டில் மைல் சேர்க்கிறார்கள், ஒரு வெள்ளிக்கு நான்கு மைல் என்று கார்டை மாற்றி மாற்றி நீட்டுவார்கள், அந்த மைலுக்கான காசில் நம் பங்கும் இருக்கிறது. பொறாமையில் சொல்லவில்லை, நானும் சேர்க்கிறேன். எல்லாக் கார்டுக்கும் செலவு ஒன்றில்லை என்பதுதான் இங்கே விஷயம். சாதாரண உள்ளூர் டெபிட் கார்டுக்கு ஒரு செலவு, உயர்ரகக் கடன் அட்டைக்கு ஒரு செலவு, நிறுவனக் கார்டுக்கும் வெளிநாட்டுக் கார்டுக்கும் இன்னும் கூடுதல். சிலர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ரேட் சொல்வார்கள், சிலர் வகைக்கு ஒன்றாகப் பிரிப்பார்கள். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த மலிவான வகை.

சரி, இப்போது சின்ன பில். இங்கேதான் வீட்டிலிருந்து வியாபாரம் செய்கிறவர்கள் அடிவாங்குகிறார்கள். இணையத்தில் பணம் வாங்கும் சேவைகளில் விழுக்காட்டோடு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நிலையாக ஒரு தொகையும் உண்டு. ஸ்ட்ரைப் என்ற சேவையை எடுத்துக்கொண்டால், சிங்கப்பூரில் உள்ளூர்க் கார்டுக்கு அவர்கள் போட்டிருக்கும் விலை 3.4 விழுக்காடும் 50 காசும். 180 வெள்ளிப் புடவைக்கு இது 6 வெள்ளி 62 காசு, கிட்டத்தட்ட 3.7 விழுக்காடு. அதே சேவையில் 6 வெள்ளிக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் விற்றால் 70 காசு போகும், கிட்டத்தட்ட 12 விழுக்காடு! தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் ஆர்டர் எடுத்துச் செய்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், அவரிடம் நான் சொன்னது, பொட்டலம் பொட்டலமாக விற்காமல் 30 வெள்ளிக்குக் குறையாத பெட்டியாகக் கட்டிப் போடுங்கள், இல்லையென்றால் கார்டே வேண்டாம், பேநவ் (வாங்குகிறவர் வங்கியிலிருந்து நேராக நம் கணக்குக்குப் போன் வழியே பணம் போடுவது) மட்டும் வாங்குங்கள் என்று. பெட்டியாகத்தான் விற்கிறார் இப்போது.

பேநவ் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். 2017 ஜூலையில் தனிநபர்களுக்கு வந்தது, 2018 ஆகஸ்டில் நிறுவனங்களுக்கும் வந்தது, பதிவு எண்ணான யுஇஎன்னை வைத்தே பணம் வாங்கலாம். பல வங்கிகள் வணிகக் கணக்கில் இப்படி வரும் பணத்துக்கு ஒன்றும் பிடிப்பதில்லை, சில பிடிக்கும், கணக்கு திறக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உணவங்காடிக்காரர்கள் மின்வழியில் வாங்கும் பணத்துக்கான 0.5 விழுக்காட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தை 2023 கடைசி வரை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பேநவ்வில் ஒரே தலைவலி, பணம் வந்ததா என்று பார்ப்பது. போனை நம் முகத்துக்கு நேரே நீட்டி "அனுப்பிட்டேன் அக்கா" என்பார்கள், பச்சை டிக் தெரியும், அது போன வாரம் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டாகவும் இருக்கலாம். நான் சொல்வது ஒன்றுதான், அவர் போனைப் பார்க்காதீர்கள், உங்கள் போனைப் பாருங்கள், உங்கள் வங்கிச் செயலியில் தொகை விழுந்த பிறகு பையைக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் நெரியும்போது இதைச் செய்வது கஷ்டம்தான். என் மாமா கல்லாவில் உட்கார்ந்தால் வங்கிச் செய்தி சத்தம் கேட்கும்வரை பையின் காதைப் பிடித்த பிடியை விடமாட்டார், வாங்குகிறவர் ஒரு பக்கம் இழுக்க இவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சிரித்தபடி "வந்துரும் தம்பி, வந்துரும்" என்பார்.

அப்படியானால் கார்டு எதற்கு என்று கேட்கலாம். மூன்று வகை ஆட்களுக்காக. ஒன்று, கல்யாணத்துக்கு எடுக்க வருகிற குடும்பம். ஆயிரம் இரண்டாயிரம் என்று பில் போகும்போது கார்டு இல்லை என்றால் எடுத்து வைத்த புடவைகளில் பாதியைத் திரும்ப மடிக்கச் சொல்லிவிடுவார்கள். இரண்டு, நான் சொன்ன மைல் கூட்டம். மூன்று, சுற்றுப்பயணிகள். லண்டனிலிருந்தும் பெர்த்திலிருந்தும் வருகிறவர்களிடம் பேநவ் இருக்காது, கையில் நம் ஊர் நோட்டும் குறைவாகத்தான் இருக்கும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் "அக்கா, ஜிபே இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் ஜிபே ஓடுகிற இந்தியாவின் யுபிஐயையும் பேநவ்வையும் இணைத்தார்கள் என்று செய்தியில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், ஆனால் அந்த இணைப்பு இரண்டு நாட்டுத் தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்ள வந்தது, கடைக் கல்லாவுக்கு வந்ததில்லை. விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவர்களே கார்டை எடுத்துவிடுவார்கள்.

அதனால் என் கடையில் எழுதாத வழக்கம் இது: பில் சின்னதென்றால் முதலில் பேநவ் அட்டையை நகர்த்தி வைப்பேன், பெரியதென்றால் நானே கார்டு மெஷினை எடுத்து நீட்டுவேன். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. வயதானவர்கள் நெட்ஸ் (உள்ளூர் வங்கி அட்டையில் கட்டும் முறை) என்று கேட்பார்கள், ரகசிய எண் போட்டுப் பழகியவர்கள், அதற்கான கட்டணமும் பொதுவாகக் கடன் அட்டையைவிடக் குறைவு, சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

"கார்டு என்றால் 3 விழுக்காடு கூடுதல்" என்று தாளில் எழுதிக் கல்லாவில் ஒட்டியிருக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் டாக்சியிலேயே கார்டுக்கு 10 விழுக்காடு வாங்கினார்கள், அந்தப் பழக்கத்தில் நமக்கு இது சாதாரணமாகத் தெரிகிறது. மெஷின் வாங்கும்போது நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், கார்டில் கட்டுகிறவரிடம் கூடுதலாக வாங்கக் கூடாது என்று இருக்கும். விதியை விடுங்கள், வியாபாரமாகப் பார்த்தாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. அரைமணி நேரம் புடவையை விரித்துக் காட்டி, பேரம் பேசி, 180க்கு முடித்துவிட்டு, கடைசி நிமிஷத்தில் இன்னும் 5 வெள்ளி 40 காசு என்றால் வாங்குகிறவர் கொடுத்துவிட்டுப் போவார், திரும்ப வரமாட்டார். செலவை விலைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். விலை போடும்போதே பாதிப் பேர் கார்டில் கட்டுவார்கள் என்று நினைத்துப் போட்டால் போதும்.

வெளிநாட்டுக் கார்டைத் தட்டினால் சில மெஷின்களில் ஒரு கேள்வி எழும், சிங்கப்பூர் வெள்ளியிலா, உங்கள் ஊர்ப் பணத்திலா என்று. ஊர்ப் பணத்தில் பார்த்ததும் சுற்றுப்பயணிக்கு நிம்மதியாக இருக்கும், அதையே அழுத்துவார். ஆனால் அந்த மாற்று விகிதம் அவருடைய வங்கி கொடுப்பதைவிடப் பெரும்பாலும் மோசமாக இருக்கும், வித்தியாசத்தில் ஒரு துண்டு கடைக்கும் வரும். தேர்வு அவருடையது, நாம் அழுத்தக் கூடாது. கேட்டால் "வெள்ளியிலேயே போடுங்க, உங்களுக்கு அதுதான் லாபம்" என்று நான் சொல்லிவிடுவேன். அந்தத் துண்டுக் காசு எனக்கு வேண்டாம்.

அப்புறம் சர்ச்சை, அதாவது வாடிக்கையாளர் தன் வங்கியிடம் போய் இந்தப் பணத்தை நான் கட்டவில்லை என்றோ பொருள் வரவில்லை என்றோ சொல்லித் திரும்பக் கேட்பது. விற்று மாதக்கணக்கான பிறகும் வரும், பல வகைச் சர்ச்சைகளுக்கு 120 நாள்வரை அவகாசம் உண்டு. எங்களுக்கு வந்ததில் நான் மறக்காத ஒன்று ஜொகூரிலிருந்து வந்த ஓர் அம்மா. கடைக்கு வெளியே பலகையில் இருப்பது ஒரு பெயர், மாமா காலத்தில் நிறுவனத்தைப் பதிந்தது வேறொரு பெயர், அவருடைய மாதாந்தர அறிக்கையில் பதிந்த பெயர்தான் வந்திருக்கிறது. இப்படி ஒரு கடைக்கு நான் போனதே இல்லையே என்று அவர் வங்கிக்கு எழுதிவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. ரசீதின் நகலையும் அவர் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தபோது கையெழுத்துப் போட்ட சீட்டையும் அனுப்பி மீட்டோம், ஆனால் அதுவரை பணம் எங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுத்தான் இருந்தது. மெஷின் போடுகிறவரிடம் முதல் நாளே சொல்லுங்கள், அறிக்கையில் கடைப் பலகையில் இருக்கும் பெயரே வர வேண்டும் என்று. கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள், கேட்காவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள். ரசீதுத் தாள் சூட்டில் அச்சாவது, வெயில் பட்டால் சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றன்றைக்குப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கடையில் சிப்போ தட்டலோ பயன்படுத்தினால் திருட்டுக் கார்டு பயம் குறைவு. இணையத்தில் விற்கிறவர்கள் கட்டும்போது வங்கிச் செயலிக்குப் போய் உறுதி செய்யும் அந்த இரண்டாம் படியை இயக்கி வையுங்கள், அது இருந்தால் திருட்டுக் கார்டு என்ற சர்ச்சையில் பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்விடும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கார்டின் முன்பக்கம் பின்பக்கம் படம் எடுத்து அனுப்பி "நீங்களே போட்டுக்கோங்க" என்றால் உடனே அழித்துவிட்டுக் கட்டண இணைப்பை அனுப்புங்கள். பின்பக்க மூன்று எண்ணை எங்கும் எழுதி வைக்கவே கூடாது, ஆர்டர் நோட்டிலும்தான்.

பணம் எப்போது வரும் என்பதையும் பாருங்கள். நாளைக்கே வரும் சேவையும் உண்டு, இரண்டு மூன்று வேலை நாள் எடுக்கும் சேவையும் உண்டு, நடுவில் வார இறுதியும் பொது விடுமுறையும் சேரும். தீபாவளிக்கு முந்தைய வாரம் விற்பனை பெரும்பாலும் கார்டில், சரக்குக் கொண்டுவருகிறவர் கேட்பதோ ரொக்கம், அந்த இடைவெளிக்குக் கையில் பணம் வேண்டும். புதிதாகச் சேர்ந்த கடையில் திடீரென விற்பனை எகிறினால் சில சேவைகள் சரிபார்ப்பு என்று சொல்லிப் பணத்தை நிறுத்தி வைப்பதும் உண்டு, அதனால் தீபாவளிக்கு மூன்று மாதம் முன்னாலேயே மெஷினை வாங்கிப் பழக விடுங்கள்.

ஒப்பந்தத்தில் ரேட்டைத் தவிர நான் விரல் வைத்துப் பார்ப்பது இவை: மாத வாடகை உண்டா, விற்பனை குறைந்தால் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா, எத்தனை ஆண்டுக்குக் கட்டிப்போடுகிறார்கள், நடுவில் விட்டால் என்ன பிடிப்பார்கள், வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பினால் முதலில் பிடித்த கட்டணம் திரும்புமா (பெரும்பாலும் திரும்பாது). பிளவுஸ் தைக்கிற தோழி மாதிரி மாதம் பத்து இருபது பில் போடுகிறவர்களுக்கு வாடகை மெஷினே தேவையில்லை, போனிலேயே கார்டைத் தட்ட வைக்கும் செயலிகள் இருக்கின்றன, ரேட் கொஞ்சம் கூடினாலும் சும்மா இருக்கிற மாதத்தில் ஒரு காசும் போகாது. கடை வைத்திருக்கிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள், சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மெஷின் படுத்துவிட்டால் போனை யார் எடுப்பார்கள் என்று. எங்களுக்கு மெஷின் கொடுத்த முதல் ஆட்கள் திங்கள்கிழமை காலையில்தான் எடுத்தார்கள்.