எம்-65 மாதிரியில் ஒரு ஜாக்கெட்: கிருஷ்ணகிரியில் தைத்துப் பார்த்த அனுபவம்

கார்த்திகை பிறந்துவிட்டால் ஆண்களுக்கான துணிக்கடைகளில் இராணுவச் சாயல் ஜாக்கெட்டுகள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் அவற்றைப் புரட்டிப் பார்த்தவரையில், மார்பில் இரண்டு பைகள், தோளில் பட்டி, ஆலிவ் பச்சை நிறம் ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் வேலை முடிந்தது என்றே தயாரிப்பவர்கள் நினைப்பதாகத் தெரிகிறது. சிலவற்றில் பைக்கு மூடி மட்டும் உண்டு, பை கிடையாது. முதுகுப் பக்கமோ சாதாரணச் சட்டையைப் போல ஒற்றைத் துணியாகவே இருக்கிறது. மார்கழிக் காலையில் சூளகிரி வழியாக ஓசூருக்கு இருசக்கர வண்டியில் போகிற எனக்கு அந்த முதுகுதான் முக்கியம். ஆகவே எம்-65 என்னும் அமெரிக்க இராணுவக் கள ஜாக்கெட்டை மாதிரியாக வைத்துக்கொண்டு, வீட்டுத் தையல் இயந்திரத்தில் நானே ஒன்றைத் தைத்து வருகிறேன்.

எம்-65 திடீரென முளைத்த வடிவம் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது வந்த எம்-1943, அதன் பின் வந்த எம்-1951 ஆகிய இரண்டின் வழியில் அது 1965-இல் வந்தது. கனத்த ஒரே கோட்டை நம்பியிராமல், காற்றைத் தடுக்கும் மேலுறை ஒன்றும், குளிருக்கேற்பச் சேர்க்கவும் கழற்றவும் கூடிய உள்ளடுக்குகளும் என்று பிரித்துக்கொண்டதே எம்-1943 செய்த பெரிய மாற்றம். பகலில் வியர்க்கவும் விடியலில் நடுங்கவும் வைக்கிற நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் சட்டையோடு கிளம்புகிறவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் கழுத்தை ஒடுக்கிக்கொள்வார்.

துணிக்கு முழுப் பருத்தி டிரில், அதாவது சாய்வரி நெசவுள்ள தடித்த துணி, எடுத்தேன். அசலில் பருத்தியும் நைலானும் கலந்திருக்கும். அந்தக் கலவை சீக்கிரம் காய்வதோடு எளிதில் கிழியாது என்றாலும், பருத்திதான் நம் வெயிலுக்கு உடம்போடு ஒத்துப்போகிறது. வெட்டுவதற்கு முன் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்வது அவசியம். டிரில் முதல் துவைப்பிலேயே சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஜிப் மட்டும் நீளமாக நின்று முன்பக்கம் அலையலையாகிவிடும். புள்ளிபோட்ட படைத்துணி வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு அவர்கள் உடையை அணிவது, பழைய தண்டனைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவிலிருந்தே குற்றம். அந்த எண்ணம் நமக்கு இல்லைதான். ஆனாலும் நடுச்சாலையில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

இனி முதுகு. எம்-65-இல் தோளின் பின்புறம் இருபக்கமும் உள்நோக்கி மடித்த ஆழமான மடிப்பு ஒன்று இருக்கும். கைகளை முன்னே நீட்டும்போது அது விரிந்து இடம் கொடுக்கும், கைகளை இறக்கினால் மூடிக்கொள்ளும். துப்பாக்கியை ஏந்துகிறவருக்கு வேண்டிய அதே இடம் வண்டியின் கைப்பிடியைப் பிடிக்கிறவருக்கும் வேண்டும். இது இல்லாத ஜாக்கெட்டில் கையை நீட்டியதும் முண்டாவில் இறுக்கிப் பிடிப்பதும், மணிக்கட்டு வெளியே வருவதும், இடுப்பில் துணி மேலேறுவதும் ஒருசேர நடக்கும். நான் மடிப்பை ஒவ்வொரு பக்கமும் நான்கு சென்டிமீட்டர் ஆழம் வைத்தேன். அசலில் இருக்கிறதோ இல்லையோ, மடிப்பைத் திரும்ப இழுத்து மூடுவதற்காக உள்ளே குறுக்காக ஒரு எலாஸ்டிக் பட்டையையும் சேர்த்திருக்கிறேன்.

சிரமம் முழுவதும் இந்த மடிப்பு தோள் தையலோடு சேரும் இடத்தில்தான். மடிப்பின் மூன்று அடுக்கு, தோள் துண்டின் இரண்டு அடுக்கு, மடித்த விளிம்புகள் எல்லாம் ஒரே புள்ளியில் குவிய, வீட்டு இயந்திரம் முனகிக்கொண்டு நின்றுவிடுகிறது. பழைய கடைத்தெருத் தையற்காரர் ஒருவரிடம் காட்டினேன். "மெஷினை மிதிக்காதே தம்பி, சக்கரத்தைக் கையால சுத்து" என்றார். அதோடு, அடுக்கின்மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, 18-ஆம் எண் ஊசியை மாட்டி, அழுத்துபாதத்தின் பின்புறம் அதே உயரத்துக்கு மடித்த துணித்துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்தால் பாதம் சாயாமல் தையல் நேராக ஓடுகிறது. அவ்விடத்தில் தையலைச் சற்று நீளமாக வைத்துக்கொள்ளவும் சொன்னார். நெருக்கமான தையல் தடித்த துணியில் ஓட்டை வரிசையாகி, பிறகு அந்தக் கோட்டிலேயே கிழியுமாம்.

சிலவற்றை விட்டுவிட்டேன். காலருக்குள் சுருட்டி வைக்கும் தலைமூடி ஹெல்மெட்டின் அடிவிளிம்பில் இடிக்கும் என்பதால் வேண்டாம். மணிக்கட்டில் வெல்க்ரோவுக்குப் பதிலாகப் பொத்தான் வைத்தேன். வெல்க்ரோ உள்ளே போடும் ஸ்வெட்டரின் இழையைப் பிடுங்கிவிடுகிறது. தோள்பட்டியும் இல்லை. அது இல்லாமல் என்ன இராணுவ ஜாக்கெட் என்று நண்பர்கள் கேட்டார்கள். 1965-இல் வந்த முதல் எம்-65-இலேயே தோள்பட்டி இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள் என்பது அவர்களுக்கு நான் சொன்ன பதில்.

உடல், கை, காலர், ஜிப் எல்லாம் முடிந்த நிலையில் ஓசூர்வரை ஓட்டிப் பார்த்தேன். ஜிப்பின் பற்களுக்கிடையே நுழையும் காற்றை அதன்மேல் மூடும் துணிப்பட்டை நன்றாகவே தடுக்கிறது. இடுப்பின் உட்புறம் ஓடும் நாடாவை இழுத்துக் கட்டியதால் வயிற்றுப் பகுதியில் காற்று புகுந்து உப்பவில்லை. கீழ்ப் பைகளின் மூடிகள் மட்டும் வேகம் கூடியதும் படபடவென்று அடித்துக்கொண்டன. அசலில் அங்கே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் டிச் பட்டன் இருப்பதன் காரணம் அப்போது புரிந்தது; நான் அலங்காரம் என்று நினைத்து ஒத்திப்போட்டிருந்தேன். இப்போது நான்கு மூடிகளுக்கும் அடித்தாயிற்று. பட்டன் விழும் இடத்தில் உள்ளே கேன்வாஸ் துண்டு வைத்து அடித்தால்தான் திறந்து மூடும் இழுப்பில் துணி பிய்யாது.

பஞ்சு வைத்துத் தைத்த உள்ளங்கி மிச்சம் இருக்கிறது. அதைக் கழற்றி மாட்டுவதற்கான பொத்தான்களை ஜாக்கெட்டின் உள்விளிம்பில் குறித்து வைத்திருக்கிறேன். கைக்குழியின் அருகே வரும் இரண்டை எங்கே வைத்தால் முதுகு மடிப்பு விரிவதைத் தடுக்காது என்பதைக் குண்டூசி குத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.