ஒரு வெட்டு முனைக்கு எவ்வளவு செலவு? வீட்டு லேத்தில் போட்டுப் பார்த்த கணக்கு

வீட்டு லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடையும் ஒவ்வொரு பொருளுக்கும் டூல் செலவு எவ்வளவு ஆகிறது என்று சில மாதங்களாக நோட்டில் எழுதி வருகிறேன். மாதிரி எஞ்சின்களுக்கான தண்டுகளும் புஷ்களும்தான் என் வேலை. பெரும்பாலும் இ.என்.8 என்னும் நடுத்தரக் கார்பன் எஃகு, 25 மி.மீ. உருளை. கணக்கு இப்போது ஓரளவு படிந்துவிட்டது. சிறிய லேத் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் முனையின் விலை. நான் பயன்படுத்துவது சி.சி.எம்.டி. இன்செர்ட், அதாவது ஹோல்டர் என்னும் பிடியில் மாட்டும், கடினமான கார்பைடால் ஆன சிறு தகடு. சிறிய 06 அளவு. ஒன்று 200 ரூபாய். பத்து கொண்ட பெட்டியாக வாங்கினேன். இதில் இரண்டாவது எழுத்தான ‘சி’, பக்கவாட்டில் 7 பாகை சரிவு இருப்பதைக் குறிக்கிறது. சரிவு இருப்பதால் தலைகீழாகத் திருப்பிப் போட முடியாது. 80 பாகைக் கூர்முனைகள் இரண்டு மட்டுமே கிடைக்கும். சி.என்.எம்.ஜி. வகையில் அந்தச் சரிவு இல்லை. இரு புறமும் திருப்பி நான்கு முனைகளைப் பயன்படுத்தலாம். முனைக் கணக்கில் அது மலிவுதான். ஆனால் அதற்கு வெட்டு விசை அதிகம் தேவை. சிறிய லேத் நடுங்கும், கடைந்த பரப்பில் அலை அலையாகக் கோடு விழும். நடுக்கத்தில் இரண்டு தண்டுகள் வீணானால் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும். சி.சி.எம்.டி.யில் மிஞ்சும் 100 பாகை முனைகள் இரண்டுக்கும் தனி ஹோல்டர் கிடைக்கிறது. முரட்டு வெட்டுக்கு அவை நன்றாக உழைக்கும். இந்தக் கணக்கில் அவற்றைச் சேர்க்கவில்லை.

ஒரு பெட்டிக்கு 20 முனைகள். எல்லா முனையும் தேய்ந்து முடிவதில்லை. சில நடுவிலேயே உடையும். ஐந்தில் ஒன்று உடையும் என்று வைத்துக்கொண்டால் பயன்படுபவை 16. ஆகவே 2,000 ரூபாயை 16 ஆல் வகுக்க, முனைக்கு 125 ரூபாய். 1,000 ரூபாய் ஹோல்டர் 200 முனைகளுக்கு வரும் என்று 5 ரூபாய் சேர்த்தேன். மொத்தம் 130 ரூபாய்.

அடுத்தது நேரத்தின் விலை. பொழுதுபோக்காகச் செய்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். 2,00,000 ரூபாய் லேத் 5,000 மணி நேரம் உழைக்கும் என்றால் மணிக்கு 40 ரூபாய். மின்சாரம், எண்ணெய், பெல்ட் எல்லாம் சேர்த்து 20. என் உழைப்புக்கு 240. ஆக மணிக்கு 300, நிமிடத்துக்கு 5 ரூபாய். என் உழைப்புக்கு விலை போடத்தான் வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அந்த இடத்தில் பூஜ்யம் போட்டால் கணக்கு எப்போதும் “இன்னும் மெதுவாக ஓட்டு” என்றே சொல்லும். ஒரு தண்டைக் கடைய மாலை முழுவதும் போய்விடும்.

இனி டெய்லரின் சூத்திரம். அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் 26 ஆண்டுகள் உலோகத்தை வெட்டிச் சோதித்து, 1906-இல் அங்குள்ள இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முடிவுகளை வெளியிட்டார். முனை தேயும்வரை ஓடும் நிமிடங்களை ‘என்’ என்ற அடுக்குக்கு உயர்த்தி, வெட்டு வேகத்தால் (முனையைக் கடந்து உலோகப் பரப்பு ஓடும் வேகத்தால்) பெருக்கினால் மாறிலி கிடைக்கும் என்பது அதன் சாரம். கார்பைடுக்கு ‘என்’ சுமார் 0.25; ஹெச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகுக்குச் சுமார் 0.125. அதாவது வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் கார்பைடின் ஆயுள் 16 மடங்காகும்.

மிகக் குறைந்த செலவு தரும் ஆயுள் எது? கார்பைடுக்கு: முனை மாற்றும் நேரத்தோடு, முனை விலையை நிமிட விலையால் வகுத்து வருவதைக் கூட்டி, மூன்றால் பெருக்க வேண்டும். எனக்கு முனையை மாற்றி மறுபடி அளவு பிடிக்க 4 நிமிடம். 130 ஐ 5 ஆல் வகுத்தால் 26. இரண்டும் சேர்ந்து 30. மூன்று மடங்கு 90 நிமிடம். உற்பத்தியாளர்களின் பட்டியல்களில் தரும் வேகம் பொதுவாக 15 நிமிட ஆயுளுக்கானது. அது தொழிற்சாலைக்குப் பொருந்தும். கடைசல் பட்டறை நடத்தும் ஒரு அண்ணன் சொன்னார்: “தம்பி, டிப் (இன்செர்ட்) விலையை நான் பார்ப்பதே இல்லை. மிஷின் நின்றால்தான் எனக்கு நஷ்டம்.” அவருடைய நிமிட விலை என்னுடையதைவிட மிக அதிகம். ஆகவே அவர் சொல்வது அவருக்குச் சரி.

25 மி.மீ. தண்டு, 100 மி.மீ. நீளம், நான்கு வெட்டு, பீடு, அதாவது முனை நகரும் தூரம், சுற்றுக்கு 0.15 மி.மீ. பட்டியல் வேகமாக நிமிடத்துக்கு 200 மீட்டரை எடுத்துக்கொண்டேன். அந்த வேகத்தில் ஒரு தண்டுக்கு வெட்டும் நேரச் செலவு 5.20 ரூபாய், முனையும் மாற்றும் நேரமும் சேர்ந்து 10.50, மொத்தம் சுமார் 15.70. ஆயுள் 90 நிமிடமாக வேண்டுமென்றால் வேகம் 128 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 1,630 சுற்று. அங்கே நேரச் செலவு 8.20, முனைச் செலவு 2.70, மொத்தம் 10.90. இன்னும் இறங்கி 88 மீட்டரில் ஓட்டினால் முனைச் செலவு ஒரு ரூபாய்க்கும் கீழே போகிறது, ஆனால் நேரச் செலவு ஏறி மொத்தம் 12.80 ஆகிறது. சற்று மெதுவாகப் போனால் நஷ்டம் குறைவு, வேகமாகப் போனால் அதிகம்.

இதிலிருந்து கிடைத்த சோதனையை நான் மிகவும் நம்புகிறேன். மிகக் குறைந்த செலவு வரும் இடத்தில், முனைச் செலவு (மாற்றும் நேரமும் சேர்த்து) வெட்டும் நேரச் செலவில் சரியாக மூன்றில் ஒரு பங்காக இருக்கும். மாதக் கடைசியில் நோட்டைக் கூட்டிப் பார்த்து, அது மூன்றில் ஒன்றைத் தாண்டியிருந்தால் வேகத்தைக் குறைக்கிறேன். எஃகு மாறினாலும் இன்செர்ட் பூச்சு மாறினாலும், ‘என்’ அதேயாக இருக்கும்வரை இந்த விகிதம் மாறாது.

லேத்தில் போட்டுப் பார்த்தபோது, பெல்ட் தரும் 1,600 சுற்றில் முனை 90 நிமிடம் நிற்கவில்லை. சுமார் ஒரு மணி நேரத்தில் தேய்ந்தது. கூலன்ட்டைத் தூரிகையால் தொட்டுவைப்பதும் அடிக்கடி நிறுத்தித் தொடங்குவதும் காரணமாக இருக்கலாம். இலக்கு 90 நிமிடமே. அதற்கு வேகத்தைச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் போதும்.

தேய்மானத்தை அளக்க நுண்ணோக்கி தேவையில்லை. ஐ.எஸ்.ஓ. 3685 தரத்தில் பக்கவாட்டுத் தேய்மானம் சராசரி 0.3 மி.மீ. ஆனால் முனை முடிந்ததாகக் கொள்வார்கள். 7 பாகைச் சரிவில் அந்தத் தேய்மானம் முனையைச் சுமார் 0.037 மி.மீ. பின்னே தள்ளும், தண்டின் விட்டம் சுமார் 0.07 மி.மீ. கூடும். டயலைத் தொடாமல் மைக்ரோமீட்டரில் விட்டம் ஏறுவதைக் குறித்துவந்தாலே போதும்.

சிறிய விட்டத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 8 மி.மீ. தண்டை 1,100 சுற்றில் கடைந்தால் வேகம் 28 மீட்டருக்குக் கீழே. எஃகு முனையில் ஒட்டி ஒட்டிப் பிய்த்துக்கொண்டு போகிறது. அங்கே ஹெச்.எஸ்.எஸ். பிட்தான் என் தேர்வு. 350 ரூபாய் பிட்டை 60 முறை தீட்டலாம் என்றால் ஒரு தீட்டுக்கு உலோகச் செலவு 6 ரூபாய்கூட இல்லை. தீட்டப் பத்து நிமிடம், அதாவது 50 ரூபாய். ஆக, கிரைண்டரில் தீட்டிய முனைக்கும் 56 ரூபாய் ஆகிறது.

தண்டை வெட்டித் துண்டாக்கும் கட்-ஆஃப் பிளேடு இந்தச் சூத்திரம் எதற்கும் அடங்கவில்லை. அது தேய்ந்து முடிவதைவிட உடைந்து முடிவதே அதிகம். அதற்கு நோட்டில் தனிப் பக்கம் போட்டு, உடைந்த பிளேடின் விலையோடு அதனால் வீணான தண்டின் விலையையும் சேர்த்து எழுதுகிறேன். சுழன்று வெட்டும் எண்ட் மில் கருவியின் கணக்கு இன்னும் தொடங்கவில்லை. தீட்டத் தீட்ட விட்டம் குறையும் என்பதால் அதற்கு வேறு வழி பிடிக்க வேண்டும்.