நோயாளியை நகர்த்தும் செய்முறைத் தேர்வு: தாதிமை படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து தாதிமை டிப்ளோமா படிக்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் ஊசி, மருந்துக் கணக்கு, டிரிப் பற்றித்தான். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, கட்டிலிலிருந்து வீல் சேருக்கு மாற்றுவது பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "அது தூக்குறதுதானேக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஓஸ்கி (OSCE) என்னும் செய்முறைத் தேர்வில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். வேலைக்குச் சேர்ந்த பிறகு முதுகு வலி வந்து அவதிப்படுவதும் இதைச் சரியாகக் கற்றுக்கொள்ளாததால்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தேர்வாளர் உங்கள் கைபலத்தைப் பார்க்க வரவில்லை. நோயாளியின் உடம்பில் கை வைப்பதற்கு முன் நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்றுதான் அவர் கவனிக்கிறார். 2007-இல் அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷின் (NIOSH) ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் ஒரு வரம்பு சொன்னார். நோயாளி ஒத்துழைத்து, எல்லாம் வசதியாக அமைந்தால்கூட ஒரு தாதி கையால் தூக்கும் எடை 35 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்றார். ஏறக்குறைய 16 கிலோ. 90 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கால் மட்டுமே கிட்டத்தட்ட 15 கிலோ இருக்கும். முழு ஆளைத் தூக்குவது பற்றி இனி யோசிக்கவே வேண்டாம், இல்லையா? நம் வேலை நகர்த்துவது, சறுக்க வைப்பது, அவரிடம் இருக்கிற பலத்தை அவரையே பயன்படுத்த வைப்பது.

சரி, கை வைப்பதற்கு முன் என்ன? கையைச் சுத்தம் செய்து, கைப்பட்டையில் பெயரைச் சரிபார்ப்பது எல்லாருக்கும் தெரியும். அப்புறம்தான் பலர் அவசரப்படுகிறார்கள். அவரால் எழுந்து காலூன்ற முடியுமா, சொன்னது புரிகிறதா, எங்கே வலி, எந்தப் பக்கம் பலவீனம் என்று கேளுங்கள். டிரிப் குழாய், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), ஆக்சிஜன் குழாய் எல்லாம் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று கண்ணால் ஒரு முறை தொடர்ந்து பாருங்கள். கட்டில் சக்கரத்தின் பிரேக்கைக் காலால் அழுத்திவிட்டு, கட்டிலை லேசாகத் தள்ளி அசைகிறதா என்று பாருங்கள். கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். கட்டில் உயரத்தை மாற்றாமலே குனிந்து வேலையைத் தொடங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

பக்கவாட்டில் திருப்புவதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நோயாளி எந்தப் பக்கம் திரும்பப் போகிறாரோ அந்தப் பக்கம் நீங்கள் நிற்க வேண்டும். கட்டிலின் எதிர்ப் பக்கத் தடுப்புக் கம்பி ஏறியிருக்க வேண்டும். அவர் முகத்தை உங்களைப் பார்க்கத் திருப்புங்கள். உங்களுக்கு அருகில் உள்ள கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி வையுங்கள், இல்லாவிட்டால் அவர் அதன் மேலேயே உருண்டு படுத்துவிடுவார். தூரத்துக் கையை மார்பின் மேல் வைத்து, தூரத்துக் காலை முழங்காலில் மடியுங்கள். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நம் ஊர் வார்டில் படுத்திருப்பவர்களில் பலர் காலமெல்லாம் பால் மரம் (ரப்பர்) சீவியவர்கள், செம்பனைக் குலை சுமந்தவர்கள். முழங்கால் தேய்ந்து போயிருக்கும். "பாட்டி, இந்தக் கால் மடங்குமா? எவ்வளவு தூரம் மடக்கலாம்?" என்று கேட்ட பிறகே மடியுங்கள். மடங்காத காலை மடக்கினால் பாட்டி உடம்பை இறுக்கிக்கொள்வார். பிறகு எத்தனை பேர் வந்தாலும் அவரைத் திருப்புவது கஷ்டம்.

ஒரு கை தோளின் பின்புறம், இன்னொரு கை இடுப்பின் பின்புறம். கால்களை அகட்டி, ஒன்றை முன்னால் வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, உடல் பாரத்தை முன்காலிலிருந்து பின்காலுக்கு மாற்றுங்கள். கையால் இழுக்க வேண்டியதே இல்லை, உங்கள் பாரம் பின்னால் போகும்போது அவர் உங்களை நோக்கி வந்துவிடுவார். திருப்பிய பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு இடையில் ஒன்று, மேல் கைக்கு ஒன்று. கீழே இருக்கும் தோளைச் சற்று முன்னால் எடுத்துவிடுங்கள், அதன் மேல் முழுப் பாரமும் விழக்கூடாது. படுக்கைப் புண் பயம் உள்ளவர்களை 90 டிகிரியில் முழுப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பின் முனையில் பாரம் இறங்கும். 30 டிகிரி சாய்வே போதும். குதிகால் மெத்தையில் படாமல் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

கட்டிலில் கீழே சறுக்கி வந்தவரை மேலே நகர்த்துவதற்கு இரண்டு பேர் வேண்டும். அக்குளில் கை கொடுத்து இழுப்பது அறவே கூடாது. சறுக்கும் விரிப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், இல்லையென்றால் தோளிலிருந்து தொடை வரை டிராஷீட் (நோயாளிக்கு அடியில் போடும் குறுக்கு விரிப்பு) விரியுங்கள். வெறுமனே இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டி நின்றுவிடும், உள்ளே இருக்கும் சதை மட்டும் நகரும். அந்த உரசலில் உள்ளே இரத்தக் குழாய்கள் நசுங்கி, வெளியே தெரியாமலே புண் உருவாகத் தொடங்கும். தேர்வாளர் "ஏன்?" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பக்கவாதம் வந்தவரை வீல் சேருக்கு மாற்றச் சொல்வது தேர்வில் அடிக்கடி வரும். சேரை அவருடைய பலமான பக்கத்தில், கட்டிலுக்குச் சாய்வாக வையுங்கள். பிரேக் போட்டு, கால் வைக்கும் தட்டை மடக்கிவிடுங்கள். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, பாதம் தரையில் படும்படி கட்டிலை இறக்கி, கொஞ்சம் காத்திருங்கள். படுத்தே இருந்தவருக்கு உட்கார்ந்ததும் இரத்த அழுத்தம் இறங்கக்கூடும். "தலை சுத்துதாண்ணே?" என்று கேட்டு, முகத்தைப் பாருங்கள். அவரை உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். பலவீனமான முழங்கால் மடங்கிவிடாமல் உங்கள் முழங்காலால் அணை கொடுங்கள். மூக்கு கால் விரலுக்கு நேரே வரும் அளவுக்கு முன்னால் குனியச் சொன்னால், இடுப்பு தானாக எழும்பும். பலமான பக்கமாகத் திரும்பி, சேரின் விளிம்பு காலில் படுவதை அவர் உணர்ந்து, கைப்பிடியைப் பிடித்த பிறகே உட்கார வைக்க வேண்டும். நீங்களும் இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

பார்வையாளர் நேரத்தில் தோட்டத்திலிருந்து மகன், மருமகன் என்று வந்து, பாசத்தோடு தாத்தாவை இரண்டு அக்குளிலும் பிடித்து ஒரே தூக்காகத் தூக்குவார்கள். பக்கவாதத்தில் தளர்ந்த தோள் மூட்டு அப்போதுதான் நழுவும். கோபப்படாமல், "அண்ணே, இப்படிப் பிடிங்க" என்று செய்து காட்டுங்கள். வீட்டுக்குப் போன பிறகு தாத்தாவைப் பார்த்துக்கொள்ளப் போவது அவர்கள்தானே. குடும்பத்துக்குக் கற்றுக்கொடுப்பதையும் தேர்வில் ஒரு வரியாவது சொல்லுங்கள்.

படுக்கை நிலைகளின் கோணங்களை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்து உட்கார வைக்கும் நிலைகளில் செமி ஃபவுலர் 30 முதல் 45 டிகிரி, ஃபவுலர் 45 முதல் 60, ஹை ஃபவுலர் 60 முதல் 90. புத்தகத்துக்குப் புத்தகம் சற்று மாறும், உங்கள் கல்லூரிப் புத்தகத்தில் உள்ளதையே சொல்லுங்கள். மூக்குக் குழாய் வழி உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தைக் குறைந்தது 30 டிகிரி உயர்த்த வேண்டும், கொடுத்து முடித்த உடனே படுக்க வைக்கக்கூடாது. முதுகெலும்பு அடிபட்டவரைத் திருப்புவதாக இருந்தால் தலையைப் பிடித்திருப்பவர்தான் தலைவர். அவர் எண்ணும் எண்ணுக்கு எல்லாரும் ஒன்றாக உருட்ட வேண்டும். "மூணு" என்னும்போதா, அதற்குப் பிறகா என்பதை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பேச்சைப் பயிற்சி செய்யாமல் போகாதீர்கள். தேர்வில் படுத்திருப்பது பொம்மையாக இருந்தாலும் ஒவ்வொரு அசைவுக்கு முன்னும் அதனிடம் சொல்லுங்கள். வார்டில் மலாய்க்கார மக்சிக்கிடம் (வயதில் மூத்த அம்மாவிடம்) "பூசிங் கிரி" (இடது பக்கம் திரும்புங்கள்) என்று சொல்லத் தெரிய வேண்டும், நம் பாட்டியிடம் "இடது பக்கம் திரும்பப் போறோம் பாட்டி" என்றும் சொல்லத் தெரிய வேண்டும். வீட்டில் தங்கையைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்து, எழுப்பி உட்கார்த்திப் பழகுங்கள். பிறகு இடம் மாறி நீங்கள் நோயாளியாக உட்காருங்கள். எந்தப் பிடி வலிக்கிறது, எந்த இடத்தில் பயம் வருகிறது என்று அப்போதுதான் தெரியும்.

முடித்ததும் கட்டிலைத் தாழ்த்தி, கம்பியை ஏற்றி, அழைப்பு மணியை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கதீட்டர் பை சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்குகிறதா, குழாய் உடம்புக்கு அடியில் மாட்டவில்லையா என்று பாருங்கள். நேரம், படுக்க வைத்த நிலை, தோலில் சிவப்பு இருந்ததா என்பதைப் பதிவு செய்யுங்கள். தேர்வாளர் கடைசியாக, "நடக்கும்போது நோயாளி சரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கலாம். தாங்கிப் பிடிப்பேன் என்று சொல்லிவிடாதீர்கள். காலை அகட்டி வைத்து, அவரை உங்கள் உடம்போடு சாய்த்து, தொடை வழியாகத் தலை அடிபடாமல் மெதுவாகத் தரையில் இறக்க வேண்டும். பிறகு குரல் கொடுத்து ஆள் கூப்பிட்டு, அடிபட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுப்ப வேண்டும்.