நடுவில் குழி விழாத சாக்லேட் கேக்

புரட்டாசியில் எங்கள் வீட்டுக்குள் முட்டை வராது. மகளின் பிறந்தநாள் வருவதோ அந்த மாதத்தில்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருந்த நான்கு வருடமும் அது ஒரு கவலையாகவே இருந்ததில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி முட்டையில்லாத சாக்லேட் கேக் செய்து கொடுத்துவிடுவார். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்களின் வழி வந்தவர் அவர். சாமி பாட்டும் சமையல் சாமான் பெயர்களும் தவிர அவரிடம் தமிழ் மிச்சமில்லை. ஆனால் ‘பர்ட்டாசி’ பிறந்துவிட்டால் கறி, மீன், முட்டை எல்லாம் ஒரு மாதத்துக்குக் கிடையாது. எனக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் கும்பகோணத்துப் பெரியம்மா ஞாபகம்தான் வரும்.

ஜொகானஸ்பர்க்குக்கு வீடு மாறியபோது அந்தக் கேக்கின் அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மாவு 200 கிராம் (இங்கே கேக் ஃப்ளவர் என்று விற்பது, நம் மைதா மாதிரிதான்), சர்க்கரை 200, கொக்கோ 50, ஆப்ப சோடா ஒரு டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை, ஒரு சிட்டிகை உப்பு, எண்ணெய் 100 மில்லி, கொதிநீர் அரை டம்ளர், வினிகர் ஒரு டீஸ்பூன், அமாசி 250 மில்லி. அமாசி இந்த நாட்டுப் புளித்த பால். நம் தயிருக்கும் கெட்டி மோருக்கும் நடுவில் இருக்கும். அதன் புளிப்பும் வினிகரும் சோடாவோடு சேர்ந்து நுரைப்பதால்தான் முட்டை இல்லாமலே கேக் எழும்புகிறது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே தாளை வைத்துச் செய்தேன். இருபது நிமிடத்தில் டின்னின் விளிம்புக்கு மேலே வந்து நின்றது. மகள் ஓவன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கைதட்டினாள். அடுத்த பத்து நிமிடத்தில் நடுப்பகுதி இறங்கி, ஆட்டுக்கல் குழி மாதிரி ஆகிவிட்டது. ஓரம் வறண்டு போயிற்று, நடுவில் களி. மறு வாரம் புதுச் சோடா வாங்கினேன், ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானியும் வாங்கினேன். மறுபடியும் அதே குழி. அழுகையே வந்துவிட்டது. ஆன்ட்டியின் கையில் ஒரு முறைகூடத் தவறாத கேக் அது.

காரணம் பள்ளி விடுமுறையில்தான் புரிந்தது. டர்பன் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வான் ரீனன் கணவாய் ஏறும்போது, “அம்மா, இது வெடிக்கப் போகுது” என்று மகள் பின்சீட்டிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினாள். கடற்கரையில் வாங்கியபோது தளர்வாக இருந்த பாக்கெட் தலையணை போல உப்பியிருந்தது. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. என் கேக்குக்குள்ளும் இதுதானே நடந்திருக்கும்!

ஜொகானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோடாவின் வாயுக் குமிழ்கள் டர்பனில் விரிவதைவிட அதிகமாக விரிந்து, மாவு வெந்து இறுகும் முன்பே உடைந்துவிடுகின்றன. ஈரமும் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் சர்க்கரையின் செறிவு கூடுகிறது. சர்க்கரை கூடினால் மாவு இறுகுவது இன்னும் தள்ளிப்போகும்.

அப்புறம் நான் செய்த மாற்றம் இவ்வளவுதான். சோடாவை முக்கால் டீஸ்பூனாக்கி, பேக்கிங் பவுடரை விட்டுவிட்டேன். சர்க்கரை 170 கிராம். அமாசி மூன்று மேசைக்கரண்டி கூடுதல். ஓவன் 180க்குப் பதில் 190 டிகிரி, சீக்கிரம் இறுகட்டும் என்று. 35 நிமிடம் 30 ஆனது.

கொக்கோவில் கொதிநீரை ஊற்றிக் குழைத்து ஐந்து நிமிடம் மூடி வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூடியைத் திறந்ததும் வரும் அந்த வாசனைக்காகவே நான் இந்தக் கேக்கைச் செய்வேன். மாவைச் சேர்த்த பிறகு அதிகம் அடிக்கக் கூடாது, கட்டி கரைந்தால் போதும். கலந்த உடனே ஓவனுக்குள் போய்விட வேண்டும், வைத்திருந்தால் நுரை அடங்கிவிடும். மேலே ஊற்ற 150 மில்லி கிரீமைச் சூடாக்கி, உடைத்த கறுப்புச் சாக்லேட் 150 கிராமில் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் வைத்துவிட்டு நடுவிலிருந்து வெளியே கலக்குவேன். கேக் முழுக்க ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும்.

இந்த வருடம் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கேக் வைத்தேன். சமமாக எழும்பி அப்படியே நின்றது. வீடியோ காலில் ஆன்ட்டிக்குக் காட்டினேன். வெட்டிய பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார், வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு சோடா எவ்வளவு, அமாசி எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிரிட்டோரியாவில் இருக்கும் அவருடைய மருமகளுக்கும் குழி விழுகிறதாம். பிரிட்டோரியா எங்களைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு, அதனால் சர்க்கரையை அவ்வளவு குறைக்க வேண்டியிருக்காது என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு அந்த வீட்டு ஓவனிலும் கேக் ஏறுகிறது.