கெராங்கில் காட்மியம்: ஈர எடையா, காய்ந்த எடையா?

கெராங் என்பது கரையோரச் சேற்றில் வளரும் ரத்தச் சிப்பி; காட்மியம் ஒரு நச்சு உலோகம். "கெராங்கில் காட்மியம் கிலோவுக்கு 2.0 மில்லிகிராம்" என்று ஓர் ஆய்வுக் கட்டுரையிலோ வாட்சாப்பிலோ பார்த்தால், பதறுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஈர எடைக்கா, காய்ந்த எடைக்கா? கெராங்கின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காய்ந்த தூளில் 2.0 என்றால், சார் குவேய் தியாவ் (வறுத்த அரிசி நூடுல்ஸ்) தட்டில் வந்து விழும் சதையில் 0.4தான். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் 2 மில்லிகிராம் வரம்பும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 1 மில்லிகிராம் வரம்பும் ஓடு நீக்கிய ஈரச் சதைக்கானவை. சுற்றுச்சூழல் ஆய்வாளர்களோ காய்ந்த எடையில் எழுதுவதையே வழக்கமாக வைத்திருக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்து "வரம்பைத் தொட்டுவிட்டது" என்று முடிவு கட்டுவது பட்டப்படிப்பு ஆய்வேடுகளில்கூடக் கண்ணில் படுகிற பிழை.

மலேசியாவின் பினாங்கில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ஜூரு ஆறும் பிறைத் தொழிற்பேட்டையும் கூடவே வரும். அதில் நியாயம் உண்டு. கெராங் சேற்றில் பாதி புதைந்து, இடம் பெயராமல், தண்ணீரை வடிகட்டித் தின்று வாழ்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டுவது சேற்றில் படிகிறது, சேற்றிலிருந்து கெராங்குக்குப் போகிறது. மீன் நீந்திப் போய்விடும், இது போகாது. அதனால்தான் கடற்கரை மாசைக் கண்காணிக்க உலகம் முழுக்க சிப்பி இனங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் சந்தையில் வாங்கும் கெராங் ஜூருவில் விளைந்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பேராக், சிலாங்கூர் கரைகளிலிருந்தும் வரும். எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளாத மாதிரியை வைத்து "பினாங்குக் கடல்" பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் நீங்களே அளக்கப்போகிறீர்கள் என்றால், மாதிரி எடுப்பதில் தொடங்குவோம். ஒரே கடையில் மூன்று கிலோ வாங்குவதைவிட மூன்று கடைகளில் ஒவ்வொரு கிலோ வாங்குவது மேல். வாய் பிளந்து, தட்டினாலும் மூடாதவை செத்தவை, தூக்கி எறியுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவரும்போது பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வையுங்கள், உருகிய தண்ணீரில் ஊறவிடக் கூடாது. நீளத்தை அளந்து, 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை உள்ளவற்றைத் தனியே பிரித்து, 30 முதல் 50 உயிரிகளை ஒரு கூட்டு மாதிரியாகச் சேருங்கள். பெரியதும் சிறியதும் கலந்தால் வயது வித்தியாசம் இட வித்தியாசம் போல வேடம் போடும்.

சுத்தமான கடல் நீரில் ஒரு நாள் போட்டு வைத்துக் குடலில் உள்ள சேற்றை வெளியேற்றலாமா? கேள்வியைப் பொறுத்தது. உயிரியின் திசுவில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது கேள்வியானால் வெளியேற்றுங்கள். சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு போகிறது என்பது கேள்வியானால் வேண்டாம், நாம் குடலோடுதான் தின்கிறோம். இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே மாதிரியை வைத்துத் தீர்க்கப் பார்ப்பதுதான் வினை.

ஓட்டைத் திறக்கக் கொதிநீரில் போடாதீர்கள். சதை தண்ணீரை விட்டுச் சுருங்கும், எடைக் கணக்கு குலைந்துபோகும். பீங்கான் கத்தி இருந்தால் நல்லது. எவர்சில்வர் கத்தி காட்மியத்துக்குப் பெரிய கேடு செய்யாது, ஆனால் அதே மாதிரியில் குரோமியமும் நிக்கலும் பார்ப்பதாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். திறந்ததும் சிவப்பாக ஒழுகும். அது சேறு அல்ல, ரத்தம். கெராங்கின் ரத்தத்தில் நம்முடையதைப் போலவே ஹீமோகுளோபின் இருக்கிறது. அந்தத் திரவத்தைச் சேர்ப்பதா, பிளாஸ்டிக் சல்லடையில் ஐந்து நிமிடம் வடியவிடுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். ஒரு நாள் வடித்து, மறுநாள் வடிக்காமல் எடுத்தால் ஈர எடை என்பதற்கே அர்த்தமில்லாமல் போகும். இந்த ரத்தத்தில் உள்ள இரும்பு பின்னால் வேறொரு தொல்லையும் தரும்.

அரைத்த சதையில் ஒரு பங்கை 105 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாமல் நிலைக்கும் வரை உலர்த்தி ஈரப்பதத்தைக் கண்டுபிடியுங்கள். இந்த எண்தான் ஈர எடையையும் காய்ந்த எடையையும் இணைக்கும் பாலம். இதை அறிக்கையில் விட்டுவிட்டால் படிக்கிறவரால் மாற்றிக் கணக்கிடவே முடியாது. மீதியை உறைநிலையில் உலர்த்தித் தூளாக்குங்கள். பாதரசமும் பார்க்க வேண்டியிருந்தால் அடுப்பில் உலர்த்திய தூளைப் பயன்படுத்தாதீர்கள், கொஞ்சம் ஆவியாகிப் போயிருக்கும்.

இனி அமிலத்தில் கரைப்பது. 0.25 கிராம் தூளை டெஃப்லான் குடுவையில் போட்டு, 65 சதவீத நைட்ரிக் அமிலம் 7 மில்லிலிட்டர், 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 மில்லிலிட்டர் சேர்த்து, மூடாமல் ஃபியூம் ஹூடுக்குள் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) அரை மணி நேரம் விடுங்கள். கொழுப்பும் புரதமும் முதலில் பொங்கி அடங்கட்டும். உடனே மூடி ஆய்வக மைக்ரோவேவில் ஏற்றினால் அழுத்தம் திடீரென ஏறிக் குடுவை வாயுவைக் கக்கும், மாதிரியும் கூடவே போகும். பிறகு 20 நிமிடத்தில் 180 டிகிரிக்கு ஏற்றி, அங்கேயே 15 நிமிடம் நிறுத்துங்கள். நன்றாக ஆறிய பின்தான் திறக்க வேண்டும். கரைசல் தெளிவாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். 50 மில்லிலிட்டருக்கு நிரப்பி, கருவியில் ஏற்றுவதற்கு முன் மேலும் ஐந்து மடங்கு நீர்க்கச் செய்தால் அமிலம் 2 சதவீதத்துக்கு அருகில் வரும்.

காட்மியம் எங்கிருந்தெல்லாம் திருட்டுத்தனமாக வரும் என்றால், பழைய மஞ்சள் நிறப் பிப்பெட் முனைகளை முதலில் சந்தேகியுங்கள். நிறமியிலேயே காட்மியம் இருக்கலாம். நிறமில்லாதவற்றை வாங்குங்கள். குப்பிகளை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்துக் கழுவ வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி இல்லாமல் அமிலம் மட்டும் போட்ட வெற்றுக் குடுவைகள் குறைந்தது மூன்று இருக்கட்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் எந்தக் குடுவை அழுக்கு என்று தேடுங்கள். சராசரி எடுத்துச் சமாளிக்காதீர்கள்.

கருவி விஷயத்தில்தான் கெராங் தன் குணத்தைக் காட்டும். ஐசிபி-ஓஇஎஸ் (சூடான பிளாஸ்மாவில் தனிமங்கள் உமிழும் ஒளியை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் காட்மியத்துக்கு வழக்கமாக 228.802 நானோமீட்டர் ஒளிக்கோட்டை எடுப்பார்கள். அதன் ஒட்டிலேயே 228.812இல் ஆர்சனிக் உட்கார்ந்திருக்கிறது. கீரையில் அது பெரிதாகத் தெரியாது. கடல் உணவில் ஆர்சனிக் காட்மியத்தைவிடப் பல மடங்கு இருக்கலாம், அதன் சாயல் காட்மியமாகவே எண்ணப்படும். சரி, 214.438க்கு மாறலாம் என்றால் 214.445இல் இரும்பு. மேலே சொன்ன ரத்தம் இங்கேதான் வந்து நிற்கிறது. 226.502க்கு ஓடினாலும் பக்கத்தில் இரும்புதான். என் கருத்தைக் கேட்டால், கெராங்குக்கு ஓஇஎஸ் போதாது. வேறு வழியே இல்லை என்றால் தனி ஆர்சனிக் கரைசலையும் தனி இரும்புக் கரைசலையும் செலுத்தி, காட்மியம் இடத்தில் எவ்வளவு பொய்க்குறி வருகிறது என்று அளந்து கழியுங்கள்.

ஐசிபி-எம்எஸ் (அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) இருந்தால் நிறை எண் 111ஐயும் 114ஐயும் சேர்த்தே பாருங்கள். 114க்குச் செறிவு அதிகம், ஆனால் அதே எண்ணில் வெள்ளீயத்தின் ஓர் ஐசோடோப்பு உண்டு. 111இல் மாலிப்டினம் ஆக்ஸைடு வந்து உட்காரும். இரண்டும் ஒரே விடையைத் தந்தால் நிம்மதி. தராவிட்டால் எது மேலே போகிறதோ அதன் பக்கம் குறுக்கீடு இருக்கிறது. அக ஒப்பீட்டுக்கு (கருவியின் ஏற்ற இறக்கத்தைக் கண்காணிக்க எல்லாக் கரைசலிலும் ஒரே அளவில் சேர்க்கும் தனிமம்) ரோடியம் நல்ல தேர்வு. அதன் குறி 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உப்பு கருவியின் நுழைவாய்க் கூம்பில் படியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்; ஓட்டத்தை நிறுத்திக் கூம்பைக் கழுவுங்கள், அல்லது இன்னும் நீர்க்கச் செய்யுங்கள்.

சான்றளித்த மாதிரியாக (அளவு முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்டது) அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் விற்கும் 1566பி என்ற சிப்பித் தூள் நல்ல துணை. அதில் காட்மியம் கிலோவுக்கு 2.48 மில்லிகிராம். உங்கள் விடை அதில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் வர வேண்டும். வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள், அங்கேதான் இடறல். அது ஏற்கெனவே காய்ந்த தூள். அமிலத்தில் கரைத்ததும் கருவியில் அளந்ததும் சரி என்று மட்டுமே அது சொல்லும். ஓடு திறந்தது, வடித்தது, ஈரப்பதம் பார்த்தது பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பகுதிக்கு ஒரே கூட்டு மாதிரியைப் பிரித்து, தனித்தனியே முழு வேலையையும் இரண்டு முறை செய்து பார்ப்பதுதான் ஒரே வழி.

கணக்கு இப்படிப் போகும். கருவி காட்டியது லிட்டருக்கு 2.02 மைக்ரோகிராம், வெற்றுக் குடுவை 0.02, மிச்சம் 2.00. ஐந்தால் பெருக்கினால் 10. அது 50 மில்லிலிட்டரில் 0.5 மைக்ரோகிராம். 0.25 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 2.0 மைக்ரோகிராம், அதாவது கிலோவுக்கு 2.0 மில்லிகிராம், காய்ந்த எடையில். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 0.2ஆல் பெருக்குங்கள்: 0.4.

இதை உடம்புக்கு மாற்றுவோம். காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும், பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் பிடிக்கும். ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில் எலும்பு நொறுங்கி வலியால் துடித்த இத்தாய்-இத்தாய் நோய்க்குக் காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. ஒரு தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட ஆயுள் முழுக்க எவ்வளவு சேர்கிறது என்பதே கேள்வி. அதனால்தான் உணவுச் சேர்க்கைகளுக்கான கூட்டு வல்லுநர் குழுவான ஜெக்ஃபா 2010இல் வார அளவை விட்டுவிட்டு மாத அளவை வைத்தது: உடல் எடை கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மாதம் 1,500.

ஒரு தட்டு சார் குவேய் தியாவில் 20 கிராம் கெராங் என்று வைத்துக்கொண்டால் 8 மைக்ரோகிராம். வாரம் ஒரு தட்டு, மாதம் 32, இரண்டு சதவீதம்தான். அதே ஆள் வாரம் ஒருமுறை உட்கார்ந்து அவித்த கெராங்கை 200 கிராம் சதை தின்றால் மாதம் 320, அளவில் ஐந்தில் ஒரு பங்கு. அதையே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கடுமையான கோலால் அளந்தால் (கிலோவுக்கு வாரம் 2.5 மைக்ரோகிராம்) பாதியைத் தாண்டிவிடும். சோறும் கீரையும் தம் பங்கைத் தனியே சேர்க்கும். புகைபிடிப்பவரின் உடம்பில் ஏற்கெனவே ஏறக்குறைய இரட்டிப்பு காட்மியம் இருக்கும். இரும்புச் சத்து குறைந்த பெண்களின் குடல் காட்மியத்தை அதிகமாக உறிஞ்சும். "சராசரி மலேசியர்" என்று ஒரே எண்ணைப் போட்டுக் கணக்கை முடிக்கும் அறிக்கைகள் யாருக்கும் பயன்படாது.

இதே கெராங்கில் ஆர்சனிக்கை வைத்துப் புற்றுநோய்க் கணக்குப் போடுவதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். கடல் உயிரிகளில் பெரும்பங்கு ஆர்சனோபீட்டைன். அது உடம்பில் மாறாமல் சிறுநீரில் போய்விடும், நஞ்சாகக் கருதப்படுவதில்லை. கனிம ஆர்சனிக்தான் ஆபத்து. மொத்த ஆர்சனிக்கை அளந்து, கனிம ஆர்சனிக்குக்கான புற்றுநோய்க் காரணியால் பெருக்கினால் எந்தக் கடல் உணவும் கொலைகாரனாகத் தெரியும். சரியாகச் செய்ய வேண்டுமானால் நீர்த்த நைட்ரிக் அமிலமும் பெராக்சைடும் சேர்த்து 90 டிகிரி நீர்த்தொட்டியில் ஒரு மணி நேரம் பிரித்தெடுத்து, எச்பிஎல்சி (திரவத்தில் சேர்மங்களைப் பிரிக்கும் கருவி) வழியாக வகைகளைப் பிரித்து ஐசிபி-எம்எஸ்ஸில் அளக்க வேண்டும். ஆர்சனிக்கைக் குளோரைடு ஏமாற்றும் என்பதையும் மறக்கக் கூடாது: ஆர்கானும் குளோரினும் சேர்ந்து நிறை எண் 75ஆகவே நிற்கும். இப்படிப்பட்ட போலிகளை வடிகட்டும் ஹீலியம் மோதல் அறையை இயக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

காரீயத்துக்கு இன்னொரு பழக்கம். தீங்குக் குறியீடு போடும் கட்டுரைகள் பல, தினம் கிலோவுக்கு 0.0035 அல்லது 0.004 மில்லிகிராம் என்பதைப் "பாதுகாப்பான அளவு" என்று போடுகின்றன. 0.0035 என்பது ஜெக்ஃபாவின் பழைய வார அளவான 25 மைக்ரோகிராமை ஏழால் வகுத்து வந்தது. அந்த அளவை ஜெக்ஃபா 2010இலேயே திரும்பப் பெற்றுவிட்டது. காரீயத்துக்குப் பாதுகாப்பான வரம்பு என்று எதையும் காட்ட முடியவில்லை என்பதே காரணம். அந்த எண்ணைப் பார்த்தால் கட்டுரையின் மற்ற கணக்குகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

வீட்டில் சமைப்பவர்களுக்கு: உப்புத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்தால் சேறு போகும், காட்மியம் போகாது. அது திசுவில் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. வேகவைப்பதும் காட்மியத்தை அழிக்காது. வேகவைப்பது வேறொன்றுக்கு: சரியாக வேகாத சிப்பியால் 1988இல் ஷாங்காயில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேருக்கு ஹெப்பாடிட்டிஸ் ஏ வந்தது. சதையின் நடுப்பகுதி 90 டிகிரியில் 90 விநாடி இருக்க வேண்டும். வாணலியில் கடைசியில் தூவி இரண்டு புரட்டுப் புரட்டி இறக்கும் கெராங் அந்தச் சூட்டைப் பார்ப்பதில்லை. கடைக்காரரிடம் நன்றாக வேகவைக்கச் சொன்னால் சதை ரப்பராகிவிடும் என்பார். ஆகட்டும்.