பேய்த் துகளும் 39 மைக்ரோமீட்டரும்

ஈர்ப்பு விசையைக் குவாண்டம் விதிகளுக்குள் கொண்டுவரும் குவாண்டம் ஈர்ப்பு பற்றிப் பேச்சு வந்தாலே "அதில் எதையும் கணக்கிடவே முடியாது, எல்லாம் முடிவிலியில் போய் நிற்கும்" என்று ஒருவராவது சொல்லிவிடுகிறார். அது அப்படியே உண்மையில்லை.

ஐன்ஸ்டைன் கோட்பாட்டில் ஈர்ப்பு என்பது வெளிநேரத்தின் (இடமும் காலமும் சேர்ந்தது) வளைவு. 1974-ல் இயற்பியலாளர்கள் டி ஹூஃப்டும் வெல்ட்மனும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, முதல் படிக் குவாண்டம் திருத்தத்திலேயே அந்த வளைவின் வர்க்க உறுப்புகள் தாமாகவே வந்து நின்றன. சரி, வருவதுதான் வருகிறது, முதலிலேயே சேர்த்துவிடுவோம் என்றால் நான்காம் வகைக்கெழு கொண்ட கோட்பாடு கிடைக்கிறது. அது மறுஇயல்பாக்கத்துக்கு உட்படும், அதாவது முடிவிலிகளை ஒருசில கெழுக்களுக்குள் அடக்கிவிடலாம் என்று 1977-ல் ஸ்டெல்லே நிரூபித்தார். அதற்கு ஒரு விலையும் உண்டு. தற்சுழற்சி 2 கொண்ட, நிறையுள்ள ஒரு பேய்த் துகள் கூடவே வருகிறது, நிகழ்தகவுக் கணக்கைக் குழப்புவதே அதன் வேலை.

நியூட்டனின் ஈர்ப்பழுத்தத்தை (ஓர் இடத்தில் அலகு நிறைக்குள்ள ஈர்ப்பு நிலையாற்றலை) இது மாற்றுவது அழகான விஷயம். பழைய 1 என்ற கெழுவோடு பேயின் பங்காக மைனஸ் 4/3, கூட வரும் ஸ்கேலார் (தற்சுழற்சி 0) துகளின் பங்காக 1/3 சேர்கின்றன. பின்னவை இரண்டும் தூரத்தோடு அடுக்குக்குறி வேகத்தில் தேய்ந்துபோகும். தூரம் பூஜ்ஜியத்தை நெருங்கினால் மூன்றும் கூடிப் பூஜ்ஜியம், ஆக மையத்தில் முடிவிலி இல்லை.

ஆனால் சோதனையில் என்ன தெரியும்? அநேகமாக ஒன்றுமில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் முறுக்குத் தராசுக் குழு 2020-ல் 52 மைக்ரோமீட்டர் இடைவெளி வரை நியூட்டன் விதியைச் சோதித்தது. ஈர்ப்புக்கு நிகரான வலிமையுள்ள புது விசை இருந்தால் அதன் வீச்சு 39 மைக்ரோமீட்டருக்குள்தான் என்றது. இதை வர்க்க உறுப்புகளின் கெழுவாக மாற்றிப் பாருங்கள், ஏறக்குறைய 60 பூஜ்ஜியங்கள் கொண்ட எண்ணாக இருந்தாலும் நமக்குத் தெரியவந்திருக்காது!

எனக்கு இதைவிடப் பிடித்தது இயற்பியலாளர் டொனோஹியூ 1994-ல் சொன்னது. தொலைவில் எஞ்சும் குவாண்டம் திருத்தம் இந்தக் கெழுக்களைச் சார்ந்ததே இல்லை. ஈர்ப்பைச் சுமக்கும் நிறையில்லாத துகள்களான ஈர்ப்பான்கள் சுற்றிவருவதால் மட்டுமே வருகிறது. 2003-ல் நிலைபெற்ற விடைப்படி அதன் கெழு 41/(10π), கூடவே பிளாங்க் நீளத்துக்கும் (குவாண்டம் ஈர்ப்பு முக்கியமாகும் மிகச்சிறு நீளம்) தூரத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம். ஒரு மைக்ரோமீட்டரில் நியூட்டன் மதிப்போடு ஒப்பிட்டால் அதன் அளவு, தசமப் புள்ளிக்குப் பின் 57 பூஜ்ஜியங்கள் தாண்டி ஒரு 3. யாரும் அளக்கப்போவதில்லைதான், இருந்தாலும் உச்ச ஆற்றலில் எந்தக் கோட்பாடு ஜெயித்தாலும் இந்த எண் மாறாது. கணக்கே போட முடியாது என்பவர்களிடம் நான் காட்டுவது இதைத்தான். பேயைப் பற்றிய சண்டை பிளாங்க் அளவில் நடக்கட்டும், அதன் முடிவுக்காக இந்தக் கணக்கு காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், வளைவு வர்க்கத்தின் தடயத்தைத் தேடுவதென்றால் தராசை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கலாம். ஸ்டாரோபின்ஸ்கி 1980-ல் முன்வைத்த, பிரபஞ்சம் தொடக்கத்தில் அதிவேகமாக விரிந்தது என்னும் பெருக்க மாதிரி அந்த ஸ்கேலாரை நம்பித்தான் நிற்கிறது. அது சரியென்றால் ஆதி அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளோடு ஒப்பிட்ட ஆதி ஈர்ப்பலைகளின் விகிதம் சுமார் 0.003 இருக்க வேண்டும், ஜப்பான் திட்டமிட்டிருக்கும் லைட்பேர்ட் செயற்கைக்கோள் 0.001 துல்லியத்தைக் குறிவைக்கிறது.