சிட்டுக்கு ஒரு காகித மாலை

மாசி மகத்தன்று காலை கீரமங்கலத்தில் இறங்கியதுமே அம்மா சொல்லிவிட்டாள். "மாலையை நீயே தூக்கு. ஒங்கப்பா இதை யாரு கையிலயும் கொடுக்க மாட்டாரு."

தூக்குவது என்றால் சும்மா இல்லை. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை 33 அடி உயரம். அதன் கழுத்துக்குப் போடுகிற காகிதப்பூ மாலையும் கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு இருக்கும். எடை பெரிதாக இருக்காது. ஆனால் காற்று ஒரு பக்கம் இழுக்கும், கூட்டம் ஒரு பக்கம் இழுக்கும். எனக்கும் தங்கச்சி மகனுக்கும் ஆளுக்கொரு தோள். நடுவில் மாலை தரையில் படாமல் சேலை முந்தானையைப் பிடிப்பதுபோல அம்மா ஏந்திக்கொண்டே வந்தாள். விலையைச் சொல்லக்கூடாது, நேர்ந்துகொண்டதற்குக் கணக்குப் பார்க்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

இந்த நேர்த்திக்கடன் எங்கள் குடும்பத்தில் யாருக்காகவும் வந்ததில்லை. ஒரு குதிரைக்காக வந்தது. சிட்டு என்று பெயர். செவலை நிறம், நெற்றியில் ஒரே ஒரு வெள்ளைச் சுழி. அப்பா அறந்தாங்கி ரயிலடியில் ஜட்கா ஓட்டினார். 1978-ல் காரைக்குடிப் பக்கம் ஒரு வண்டிக்காரரிடம் இதை வாங்கினார். பல்லைப் பிடித்துப் பார்த்து ஆறு வயசு என்று முடிவு கட்டினார்களாம். அந்தக் கணக்கு சரி என்றால் எனக்கும் சிட்டுவுக்கும் ஒரே வயசு. அம்மா என்னைத் திட்டும்போதெல்லாம் இதை எடுத்துக்கொள்வாள். "அதுவும் ஒன் வயசுதான், அது சம்பாரிச்சுப் போடுது."

1986-ல் ஒரு ராத்திரி சிட்டுவுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சிக்கினது சிக்கினதுதான். கீழே விழுந்து புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று பயந்து, அப்பா கயிற்றைப் பிடித்து ராத்திரி முழுக்கத் தெருவில் நடக்க வைத்தார். நான் லாந்தரோடு பின்னால். அது நின்று தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும், படுக்கப் பார்க்கும். அப்பா கெஞ்சுவார். விடிகிற நேரத்தில் சாணம் போட்டது. ஒரு மனுஷன் குதிரைச் சாணத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுச்சாமத்தில் குளமங்கலத்துக் குதிரைக்கு மாலை நேர்ந்துகொண்டதாக அப்புறம் சொன்னார். எத்தனை வருஷத்துக்கு என்று சாமியிடம் பேசிக்கொள்ளவில்லை. அதனால் வருஷா வருஷம்.

எங்கள் பக்கத்தில் அய்யனார் என்றாலே குதிரைதான். ராத்திரி குதிரையேறி ஊர் எல்லையைச் சுற்றிவருகிற காவல் சாமி. அவர் ஏறிப் போக ஒரு வாகனம் வேண்டாமா? வேளார்கள் செய்கிற மண்குதிரைகளை ஊர்கூடித் தூக்கிக்கொண்டு போய் வைக்கிற புரவி எடுப்பு புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமை முழுக்க உண்டு. மண்குதிரை வெயிலிலும் மழையிலும் நின்று காது உடைந்து, கால் உடைந்து, கடைசியில் மண்ணோடு மண்ணாகும். அடுத்த எடுப்புக்குப் புதுசு வரும். குளமங்கலத்துக் குதிரை அப்படியில்லை. முன்னங்காலைத் தூக்கி, இப்போது தாவிவிடும் என்பதுபோல வில்லுனி ஆற்றங்கரையில் நிரந்தரமாக நிற்கிறது.

எட்டு மணிக்கே குதிரையின் கழுத்து தெரியவில்லை. வேனிலும் டிராக்டரிலும் மாலைகள் வந்துகொண்டே இருந்தன. சிவப்பு, மஞ்சள், ரோஸ், பச்சை. மேலே நின்ற இளவட்டங்கள் கை நீட்டி வாங்கி வாங்கிப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் மூக்கும் காதும் மட்டும்தான் வெளியே இருக்கும். பிறகு அதுவும் இருக்காது. ஆயிரக்கணக்கான மாலை. காற்றடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் சலசலக்கும். அந்தச் சத்தம் எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

காரணம் இருக்கிறது. நேர்ந்துகொண்ட அடுத்த மாசியில் அப்பா சிட்டுவையே வண்டியில் பூட்டி இங்கே ஓட்டிக்கொண்டு வந்தார். பிழைத்தவள் நேரில் வந்து கும்பிட வேண்டாமா என்பது அவர் நியாயம். விடியுமுன் கிளம்பினோம். சிட்டுக்கு லாரி பயமில்லை, ரயில் ஊதினாலும் அசையாது. காகிதம் சலசலத்தால் மட்டும் உயிர் போய்விடும். அது அப்பாவுக்குத் தெரியும், அன்றைக்கு நினைவில் இல்லை. கோயிலை நெருங்கியதும் காற்று ஒரு வீசு வீசியது. கண்பட்டை போட்டிருந்தும் என்ன பிரயோஜனம், காது இருக்கிறதே. சிட்டு பின்னாலேயே போய் வண்டியோடு எங்களைப் பள்ளத்தில் இறக்கியது. தேங்காய், பழம், அம்மா எல்லாரும் புல்லில். கூடி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அப்பாவின் முகம் கறுத்துப்போனது. அப்புறம் அவிழ்த்துத் தூரத்தில் ஒரு புளியமரத்தில் கட்டிவிட்டு, அவர் மட்டும் மாலையோடு போனார். அய்யனார் குதிரைக்குத் தன் குதிரை பயந்துவிட்டது என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "மரியாதைக்குப் பின்வாங்குச்சு" என்பார்.

இந்த முறை எங்கள் மாலையை மேலே வாங்கிய பையன், "யார் பேருக்குண்ணே?" என்று கத்தினான். "சிட்டு" என்றேன். ஏதோ குழந்தை என்று நினைத்திருப்பான். கும்பிட்டுவிட்டுப் போட்டான்.

ஆட்டோ வந்தபிறகு ஜட்கா தொழில் எப்படிப் போனது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ரயிலடியில் ஒன்பது வண்டி நின்ற இடத்தில் மூன்றானது, அப்புறம் எங்களுடையது மட்டும். 1995-ல் அப்பா வண்டியை விற்றார். குதிரையை விற்கவில்லை. வாங்கவந்த ஆள் வண்டியைப் பார்க்காமல் குதிரையின் பின்சதையை அமுக்கிப் பார்த்ததை அப்பா கவனித்துவிட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது. லாடக்காரரை வரவழைத்து நாலு லாடத்தையும் கழற்றச் சொன்னார். பழைய லாடத்தை வாசற்படியில் அடித்தால் நல்லது என்று ஊரில் கேட்டு வாங்கிப்போவார்கள். அப்பா யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. கடைசி நாலும் அப்படியே போயின. அறந்தாங்கியில் எத்தனையோ வாசலில் சிட்டுவின் லாடம் இருந்தது. எங்கள் வாசலில் இல்லை.

"சம்பாத்தியம் இல்லாத குதிரைக்குக் கொள்ளு யாரு போடுறது?" என்று அம்மா ஆரம்பத்தில் சண்டை போட்டாள். நியாயமான சண்டைதான், வீட்டில் நாங்களே மூன்று வேளை சாப்பிட்டோமா என்பது சந்தேகம். ஆனால் வயசான குதிரை நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி. சண்டை போட்டவர்கள்தான் கடைசியில் பார்த்துக்கொள்வார்கள். கண்ணுக்குமேல் இரண்டு பக்கமும் குழி விழுந்தது. முதுகு தொட்டிலாக இறங்கியது. நெற்றிச் சுழியிலிருந்து நரை பரவி மூக்குவரை வந்தது. குதிரையின் பல் ஆயுசு முழுக்க ஈறிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும், மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே இருக்கும். இருபத்தைந்து வயசுக்குமேல் ஏறுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. சிட்டு புல்லை வாயில் வைத்து மென்று மென்று, கடைசியில் ஈரமான ஒரு பச்சை உருண்டையாகக் கீழே விட்டுவிடும். கொட்டிலைச் சுற்றி அந்த உருண்டைகளாகக் கிடக்கும். கூட்டும்போது அம்மா அதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து கொள்ளை வேகவைத்து, ஆட்டுக்கல்லில் போட்டு மசித்து, தவிட்டோடு பிசைந்து வைக்க ஆரம்பித்தாள். அப்பா ஒரு ஓரமாக நின்று பார்ப்பார். அம்மா அவரை முறைப்பாள்.

2000-ம் வருஷம் ஐப்பசி அடைமழையில் சிட்டு போனது. ஒரு வாரமாகவே சாப்பாடு குறைந்துவிட்டது. கொதிக்கக் கொதிக்கக் கொள்ளுப் பானையைக் கொண்டுபோய் வைத்தால் வாயை வைக்காது. ஆவிக்குமேல் மூக்கை நீட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி நிற்கும். ஆறும்வரை நிற்கும். ஆறியதும் தலையைத் திருப்பிக்கொள்ளும். தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பு மூலையில் பெரிய குழி வெட்டி, உப்புப் போட்டுப் புதைத்தோம். 2018-ல் கஜா புயல் அந்தத் தோப்பையே படுக்கவைத்துவிட்டது. எந்த மரத்தடி என்று அடையாளம் காட்ட மரம் இல்லை. அதற்கு அடுத்த வருஷம் அப்பாவும் போய்விட்டார். இப்போது இருவரையும் பார்க்க எனக்கு இருக்கிற ஒரே இடம் இந்தக் குளமங்கலம்தான்.

வழக்கமாக மாலை போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். இந்த வருஷம் அம்மா ஆவுடையார்கோயிலுக்குப் போகவேண்டும் என்றாள். அறந்தாங்கிக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் என்பதாலேயே போகாமல் இருந்துவிடுகிற கோயில். சாயங்காலம் நடை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

திருப்பெருந்துறை என்ற பெயரில் மாணிக்கவாசகர் பாடிய தலம். கொடிமரம் கிடையாது, நந்தி கிடையாது. மூலஸ்தானத்தில் ஆவுடை மட்டும் இருக்கிறது, மேலே லிங்கம் இல்லை. உருவமில்லாமல் ஆத்மநாதராக வழிபடுகிறார்கள். அம்பாள் யோகாம்பாளுக்கும் பாதம் மட்டும்தான், அதையும் பலகணி வழியாகப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் சிற்பிகள் கோயில் வேலையை ஒப்புக்கொள்ளும்போது, 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொடுப்பார்களாம். கொடுங்கை என்றால் கூரை விளிம்பில் வளைந்து இறங்குகிற கல் இறவாரம். நிமிர்ந்து பார்த்தால் புரியும். கல்லை ஓலைமாதிரி இழைத்து, மரச்சட்டமும் ஆணியும் வைத்ததுபோலவே செய்திருக்கிறார்கள். இதற்குமேல் சொன்னால் கழுத்துவலிதான் வரும், நேரில் போய்ப் பாருங்கள்.

இந்த ஊருக்கும் குதிரைக்கும் உள்ள உறவு தெரிந்ததுதான். அரிமர்த்தன பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பணத்தோடு வந்த மந்திரி வாதவூரர், அதாவது பிற்பாடு மாணிக்கவாசகர் ஆனவர், இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். பணம் கோயில் பணிக்குப் போனது. குதிரை எங்கே என்று ராஜா கேட்டபோது, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கித் தானே குதிரை வணிகனாக மதுரைக்கு ஓட்டிப்போனார். ராத்திரியில் அவை திரும்பவும் நரியாகி ஓடிவிட்டன. 'நரியைக் குதிரைப் பரியாக்கி' என்று மாணிக்கவாசகரே பாடியிருக்கிறார்.

அப்பாவுக்கு இந்தக் கதையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சிட்டு பல் விழுந்து கிடந்த காலத்தில் ஊர்க் கோயிலில் சொற்பொழிவு நடந்தது. பேச வந்தவர் நரி பரியான அழகை ஒரு மணிநேரம் சொன்னார். ஓடுவதற்கு முன்னால் அந்த நரிகள் லாயத்தில் கட்டிக்கிடந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறின என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டார். அப்பா பாதியில் எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து கொட்டிலில் உட்கார்ந்துகொண்டு புலம்பினார். "நரிக்கு ஒரு கதை, ராஜாவுக்கு ஒரு கதை. கட்டிக்கிடந்த பழைய குதிரைங்க என்ன பாவம் பண்ணுச்சு? அதைக் கேக்க ஒருத்தன் இல்லையே." பக்தியில் குறைவான மனுஷன் இல்லை அவர். திருநீறு பூசாமல் கடிவாளத்தைத் தொடமாட்டார். ஆனாலும் அந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை. எனக்கும் பதில் தெரியாது.

மண்டபத்தில் குதிரைமேல் வருகிற சிவன் சிற்பத்துக்கு முன்னால் அம்மா வெகுநேரம் நின்றாள். சேணம், கடிவாளம், கழுத்து மணி என்று ஒவ்வொன்றையும் நான் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் சாமியைப் பார்க்கவில்லை. எக்கி எக்கிக் குதிரையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"பல்லு இருக்கான்னு பாக்குறேன்."

சாயங்கால பூசைக்கு மணி அடித்தது. இங்கே நைவேத்தியம் புழுங்கலரிசிச் சோறு. கூடவே கீரை, பாகற்காய். வடித்த சோற்றைச் சூட்டோடு சூடாகக் கொண்டுவந்து படைகல்லில் பரப்பிவிடுவார்கள். ஆவிதான் சாமிக்கு. எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் கொஞ்சம் விலகியதும் தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாக ஆவி எழும்பி, கல்லுக்குமேல் ஒரு முழம் வந்து, கலைந்துகொண்டிருந்தது.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம், மெல்ல வேண்டியதில்லை" என்றாள்.